புத்தகத்துக்கும் ஒரு பிறந்த வீடு

போன மாதம் தேவிபட்டினம் பக்கத்திலிருந்து இரண்டு தம்பிகள் என்னைத் தேடி வந்தார்கள். ஊரில் புத்தகப் பிரியர்கள் பத்துப் பேர் சேர்ந்திருக்கிறார்களாம். வெளியாள் இல்லாமல் தங்களுக்குள் ஒரு மன்றம் மாதிரி ஆரம்பிக்கப் போகிறார்களாம். "அறை பாத்தாச்சுக்கா. மாசம் 1,500 வாடகை. இரும்பு ரேக்குக்கு அட்வான்ஸும் குடுத்தாச்சு. இனி எல்லாரும் அவுகவுக வீட்டுப் புத்தகத்தக் கொண்டாந்து அடுக்க வேண்டியதுதான்" என்றான் மூத்தவன்.

"மொதல்ல அந்த அட்வான்ஸத் திரும்பக் கேளுங்க" என்றேன். டீயை இன்னும் கையில் கொடுக்கக்கூட இல்லை.

இரண்டு பேர் முகமும் விழுந்துவிட்டது. அதற்குப் பிறகு ஒன்பது மணி பஸ் வரும்வரை நான்தான் பேசிக்கொண்டிருந்தேன். முன்னுக்குப் பின் முரணாகப் பாதி சொன்னேன், பாதி விட்டுப்போனது. விட்டதையும் சேர்த்து இங்கே எழுதிவைக்கிறேன்.

எங்கள் புத்தகக் கூட்டத்துக்கு இன்றுவரை பெயர் கிடையாது. 1996-ல் பாம்பன் ரோட்டுப் பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடை பெஞ்சில் ஆறு பேர் உட்கார்ந்து ஆரம்பித்தது. தொடக்கப்பள்ளி வாத்தியார் ஒருவர், விசைப்படகு டிரைவர் ஒருவர், தண்டவாளம் பராமரிக்கும் ரயில்வே கேங்மேன், போஸ்ட்மேன், சவுதியிலிருந்து திரும்பி வந்திருந்த கீழக்கரை காக்கா (அந்தப் பக்கத்து முஸ்லிம்கள் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்), அப்புறம் என் வீட்டுக்காரர். இவர் தையல்காரர். வாத்தியாரிடம் புத்தகம் இருந்தது, மற்றவர்களிடம் ஆசை இருந்தது என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். உண்மையில் டிரைவர் அண்ணனிடம்தான் அப்போது அதிகம். தீபாவளி மலர்கள் மட்டும் ஒரு மரப்பெட்டி நிறைய வைத்திருந்தார்.

முதல் விதியைப் போட்டவர் காக்கா. "புத்தகம் பொண்ணு மாதிரி. எங்க போனாலும் பொறந்த வீடு ஒண்ணு இருக்கணும்" என்றாராம். புத்தகம் யாருடையதோ அவர் வீடு அதற்குப் பிறந்த வீடு. இரவல் போகும் இடம் புகுந்த வீடு. கேலியாகச் சொன்ன சொல் அப்படியே நிலைத்துவிட்டது. "அந்தப் புத்தகம் இப்ப எங்க?" என்று யாராவது கேட்டால், "பொறந்த வீடு வந்துருச்சு" என்றோ, "மாமியார் வீட்டுல மாட்டிக்கிருச்சு" என்றோதான் இன்றும் பதில் வரும். பிறகு காக்காவே ராமநாதபுரத்தில் ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செய்துகொண்டு வந்தார். 'பிறந்த வீடு' என்று போட்டு, பக்கத்தில் பெயர் எழுதக் கோடு. அவ்வளவுதான்.

16-ஆம் நூற்றாண்டில் பிரான்ஸ் நாட்டில் ஜான் கிரோலியர் என்று அரசாங்கக் கருவூல அதிகாரி ஒருவர் இருந்தார். தன் புத்தகங்களின் அட்டையில் 'கிரோலியருக்கும் அவர் நண்பர்களுக்கும் உரியது' என்று லத்தீனில் பொறித்து வைத்தவர். அவர் பெயரில்தான் 1884-ல் நியூயார்க்கில் கிரோலியர் கிளப் தொடங்கினார்கள். புத்தகப் பிரியர்களின் தனி மன்றம் என்றால் உலகத்தில் முதலில் சொல்லப்படும் நாலைந்து பெயர்களில் அதுவும் ஒன்று. வாத்தியார் சார் இதைப் படித்துச் சொன்னபோது, காக்காவுக்கு ஸ்டாம்ப் விஷயத்தில் கொஞ்சம் தலைகால் புரியவில்லை.

அந்த கிளப்பில் ஆரம்பத்தில் எல்லோரும் ஆண்கள். எங்கள் பெஞ்சிலும் அதே கதைதான்.

நான் உள்ளே வந்தது 2003-ல். அதுவரை என் வீட்டுக்காரர் கொண்டுவரும் புத்தகத்தை அவருக்கு முன்னால் நான் படித்து முடித்துவிடுவேன். மண்டபத்தில் ஒரு இறால் கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். போகும்போது பஸ்ஸில் அரை மணி, வரும்போது அரை மணி, மதியம் சாப்பாட்டு நேரம் வேறு. இவருக்கு மிஷினில் உட்கார்ந்தால் எழுந்திருக்க நேரமிருக்காது. அதனால் கூட்டத்துக்குப் போகுமுன் "என்னடி கதை இது?" என்று கேட்பார், நான் சொல்வேன், அங்கே போய் ஒப்பிப்பார். ஒரு நாள் வாத்தியார் மடக்கிவிட்டார். "இது உம்ம பேச்சு இல்லையேய்யா. அந்தப் பொம்பள ஏன் திரும்பிப் போனான்னு நீர் சொன்ன காரணம் ஒரு பொம்பளதான் சொல்ல முடியும். யார் சொன்னாக?" இவர் அசடு வழிந்துகொண்டு வந்து நின்றார். அடுத்த மாதம் நான் போனேன். கணக்குப் பிள்ளை என்பதால் நோட்டை என் கையில் கொடுத்துவிட்டார்கள். இன்றுவரை கீழே வைக்கவில்லை.

கிரோலியர் கிளப் பெண்களைச் சேர்த்தது 1976-ல்தான். அது பொறுக்காமல் 1944-லேயே நியூயார்க்கில் பெண் சேகரிப்பாளர்கள் தனியாக ஹ்ரோஸ்விதா கிளப் என்று ஒன்று தொடங்கியிருந்தார்கள். அவர்களுக்கு 92 வருஷம், எங்களுக்கு ஏழு. இதை நான் கூட்டத்தில் அடிக்கடி சொல்லிக்காட்டுவேன்.

இனி அந்த அறைக் கதை. தம்பிகளுக்கு நான் அதிகம் சொன்னது இதைத்தான்.

2006-ல் நாங்கள் பத்துப் பேர். ஆளுக்கு ஐம்பது, நூறு புத்தகம். தேடிப் போய் வாங்குவது சிரமமாக இருந்தது. எங்கள் தங்கச்சிமடத்திலிருந்து கீழக்கரைக்குப் போய் ஒரு புத்தகம் எடுத்து வருவதென்றால் ஒரு நாள் பிழைப்பு போகும். அந்த நேரத்தில் ஒரு அறக்கட்டளை தங்கள் கூடத்தின் பின்னறையை வாடகை இல்லாமல் தருகிறோம் என்றது. எல்லோருக்கும் தலையில் ஐஸ் வைத்த மாதிரி இருந்தது. ஓட்டெடுத்தோம். எட்டுப் பேர் சரி, இரண்டு பேர் வேண்டாம்.

வேண்டாம் என்றவர்களில் ஒருவர் கேங்மேன் அண்ணன். அவர் குடும்பம் தனுஷ்கோடி. 1964 டிசம்பர் 22 ராத்திரி புயல் வந்தபோது அவருக்கு ஒன்பது வயது. "ஊரு, கோயிலு, டேசனு எல்லாம் ஒரே எடத்துல இருந்துச்சு தங்கச்சி. ஒரே ராத்திரியில போச்சு" என்றார். நாங்கள் சிரித்தோம். புயலுக்கும் புத்தக அலமாரிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டது நான்தான். எழுதும்போதே கூசுகிறது.

640 புத்தகங்கள் ஆட்டோவில் ஏறிப் போயின. இரண்டு இரும்பு பீரோ, ஒரு மர ரேக்.

முதல் ஆறு மாதம் கல்யாண வீடு மாதிரிதான் இருந்தது. ஐப்பசி பிறந்து வாடைக் காற்று திரும்பியது. கடலோரத்தில் உப்பு எதன் மேலும் படியும். அது சும்மா கிடக்காது, காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்து இழுத்து வைத்துக்கொள்ளும். வெயில் காலத்தில் ஒன்றும் தெரியாது. மழைக்காலத்தில் மூடின இரும்பு பீரோவுக்குள் கையை விட்டால் ஈரத்துணி மாதிரி இருக்கும். அடித்தட்டு துருப்பிடித்து, அந்தத் துரு புத்தகங்களின் அடிவயிற்றில் செம்மண் கோடாக ஏறியது. ஸ்டேப்ளர் பின் அடித்த வார இதழ்கள்தான் முதலில் போயின. பின் துருவாகி, துரு தாளை அரித்து, நடுப்பக்கம் தனியாகக் கழன்று கையில் வந்தது.

அதற்கும் காரணம் ஈரம் மட்டும் இல்லை. பீரோவை வாரம் ஒரு தரம் திறந்து காற்றாட விட்டிருந்தால் பாதி தப்பியிருக்கும். திறக்க வேண்டியது யார்? சாவி டிரைவர் அண்ணனிடம், அவர் கடலில். மறு சாவி வாத்தியாரிடம், அவருக்குத் தேர்வுப் பணி. நான் மண்டபத்தில். அவரவர் வீட்டில் இருந்தால் கூட்டுகிறபோது ஒரு துடைப்பு துடைத்திருப்போம், மழை அடித்தால் எழுந்து போய்ப் பார்த்திருப்போம். அறைக்கு எழுந்து போக ஒருவருக்கும் மனசு வரவில்லை.

மர ரேக்கைச் சுவரை ஒட்டிப் போட்டிருந்தோம். சுவருக்குள்ளிருந்து கரையான் ஏறியது. வெளியே பார்த்தால் முதுகு அட்டைகள் வரிசையாக, பளிச்சென்று, அப்படியே இருந்தன. காக்கா தன் வாப்பா வைத்திருந்த அரபுத்தமிழ்ப் புத்தகம் ஒன்றை அங்கே வைத்திருந்தார். தமிழை அரபு எழுத்தில் எழுதுவது கீழக்கரை, காயல்பட்டினம் பக்கம் பல தலைமுறைப் பழக்கம். இப்போது வாசிக்கத் தெரிந்தவர்கள் குறைவு, காக்காவுக்குத் தெரியும். அதை உருவினார். நடுவெல்லாம் மண். நாலு ஓரம் மட்டும் படச் சட்டம் மாதிரி நின்றது. வாப்பாவின் கையெழுத்து முதல் பக்கத்தில் நடுவில் இருந்ததாம். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. தோள் துண்டை எடுத்து அந்தச் சட்டத்தைச் சுற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்.

2008-ல் ஏதோ விழா என்று இரண்டு நாளில் காலி செய்யச் சொன்னார்கள். இலவசமாகக் கொடுத்தவர்களிடம் என்ன பேச முடியும்? எல்லாவற்றையும் தரையில் குவித்துப் பிரித்தோம். 640 போனது, 511 வந்தது. வந்ததிலும் ஸ்டாம்ப் இருந்த பக்கம் கிழிந்துபோனவை ஐம்பதுக்கு மேல். "இது என்னோடது", "இல்ல, நான் வாங்கினது" என்று ஒரு பழைய நாவலுக்காக இரண்டு பேர் பேச்சை நிறுத்தி, இரண்டு பேருமே கூட்டத்தை விட்டுப் போனார்கள். அந்த நாவல் யாருக்கும் வேண்டாமல் இப்போது என் வீட்டில் இருக்கிறது.

பல வருஷம் கழித்து வாத்தியார் சார் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் தன் வாழ்க்கையைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு போன் செய்தார். 1727-ல் பிலடெல்பியாவில் ஃபிராங்க்ளின் ஜண்டோ என்று ஒரு சிறு கூட்டம் நடத்தினார். பன்னிரண்டு பேருக்கு மேல் சேர்க்க மாட்டார்கள். அவர்களும் எல்லோர் புத்தகத்தையும் ஒரே அறையில் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். சரியான பராமரிப்பு இல்லாமல் சுமார் ஒரு வருஷத்தில் ஆளாளுக்குத் தங்கள் புத்தகத்தை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். "நமக்கு ரெண்டு வருசம் தாங்குச்சும்மா" என்று சிரித்தார். அதன் பிறகுதான் 1731-ல் ஃபிராங்க்ளின் ஐம்பது பேரிடம் ஆளுக்கு நாற்பது ஷில்லிங் முதலும், வருஷத்துக்குப் பத்து ஷில்லிங் சந்தாவும் பேசி, தனியாக நூலகம் ஆரம்பித்தார். சந்தா நூலகம் வேறு, நண்பர்கள் மன்றம் வேறு என்பதை அவர் ஒரு வருஷத்திலேயே புரிந்துகொண்டார்.

"அப்ப ரோஜா முத்தையா?" என்று தம்பிகளில் சின்னவன் மடக்கினான். நல்ல கேள்வி. கோட்டையூரில் ஒரே மனிதர் ஒரே வீட்டில் அவ்வளவு பெரிய சேகரிப்பை வைத்திருந்தார். 1992-ல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கி, சென்னையில் ஆய்வு நூலகமாகவே ஆக்கியது. கோட்டையூரும் முன்பு ராமநாதபுரம் மாவட்டம்தான், 1985-ல்தான் பிரித்தார்கள். ஆனால் அது கடற்கரை இல்லை. அதைவிட முக்கியம், அவர் ஒரு ஆள். தன் வீட்டில் தன் கையால் பார்த்துக்கொண்டார். பத்துப் பேருக்குச் சொந்தமான அலமாரியைத் துடைக்கிறவர் ஒருவரும் இல்லை.

2008-க்குப் பிறகு எங்கள் ஏற்பாடு ஒன்றுதான். புத்தகம் அவரவர் வீட்டில், பட்டியல் மட்டும் பொது. பட்டியல் என்றால் என் நோட்டு. நாலாவது லாங் சைஸ் நோட்டு இப்போது ஓடுகிறது. கட்டம் ஆறு: புத்தகம், பிறந்த வீடு, புகுந்த வீடு, போன தேதி, வந்த தேதி, கடைசியாக 'போகும்போது நிலை'.

அந்தக் கடைசிக் கட்டம்தான் சண்டையைத் தீர்த்தது. 'முதுகு நூல் பிரிந்தது', 'பக். 112 மூலை மடிப்பு', 'அட்டையில் காப்பிக் கறை, பழசு', இப்படிப் போகும்போதே எழுதிவிடுவேன். திரும்பி வரும்போது இரண்டு பேர் முன்னாலும் புரட்டிப் பார்ப்போம். ஒரு தடவை டிரைவர் அண்ணன் திருப்பிக் கொடுத்த புத்தகத்தில் பக்கத்துக்கு அடையாளமாக ஒரு மீன் செதில் இருந்தது. நல்ல பெரிய செதில், காய்ந்து கண்ணாடி மாதிரி. 'வரும்போது செதில் ஒன்று கூடுதல்' என்று எழுதினேன். அது அப்படியே அந்தப் புத்தகத்தில் இருக்கிறது.

விதிகள் மூன்று. இரவல் வாங்கினவர் மூன்றாமவருக்குக் கைமாற்றக் கூடாது, பிறந்த வீட்டுக்கு வந்துதான் அடுத்த வீடு. கெடு மூன்று மாதம். வெளியாளுக்கு வேண்டுமென்றால் உறுப்பினர் ஒருவர் தன் பெயரில் எடுத்துக் கொடுக்கலாம், தொலைந்தால் அவர்தான் பொறுப்பு. டிரைவர் அண்ணனுக்கு மட்டும் ஒரு சலுகை. ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் அவர் எத்தனை புத்தகம் வேண்டுமானாலும் எடுக்கலாம். மற்ற நாளில் படகும் வலையும்தான் அவர் படிப்பு. தடைக்காலத்தில் ஒரு வருஷத்துக்கானதைப் படித்து முடித்துவிடுவார். படிப்பார் என்றா சொன்னேன், விழுங்குவார்.

நோட்டை கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுக்கிறேன் என்று வாத்தியாரின் மகன் ஒரு வருஷம் பாடுபட்டான். அவன் வேலைக்கு பெங்களூர் போனதோடு அது நின்றது. இப்போது மாதம் ஒரு தரம் நோட்டின் பக்கத்தை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடுகிறேன். யார் யாரிடம் என்ன தூங்குகிறது என்று எல்லோருக்கும் தெரிகிறது. கேட்காமலே புத்தகம் திரும்பிவிடுகிறது.

வாங்குவதற்கு எங்களிடம் நிதி கிடையாது. பொதுப்பணம் என்றால் அடுத்தது தலைவர், பொருளாளர், அப்புறம் இன்னொரு ஓட்டெடுப்பு. அதற்குப் பதிலாகப் புத்தகச் சீட்டு போடுகிறோம். இந்தப் பக்கம் பெண்கள் பாத்திரச் சீட்டு, நகைச் சீட்டு போடுவதுபோலத்தான். 1997-ல் ஆளுக்கு 25 ரூபாய், இப்போது 300. மாதா மாதம் குலுக்கிப் போட்டு, சீட்டு விழுந்தவர் மொத்தப் பணத்துக்கும் தன் இஷ்டப்படி புத்தகம் வாங்க வேண்டும். ஒருவரும் இதை வாங்கு அதை வாங்கு என்று சொல்லக் கூடாது. வாங்கியது அவருக்கே சொந்தம், பிறந்த வீடும் அவர் வீடுதான். படிக்கிற உரிமை எல்லோருக்கும். கேங்மேன் அண்ணன் ஒரு முறை முழுப்பணத்துக்கும் ஜோதிடப் புத்தகம் வாங்கினார். பல்லைக் கடித்துக்கொண்டோம். சுற்று முடிவதற்குள் அதைத்தான் அதிகம் பேர் இரவல் வாங்கினார்கள், நான் உட்பட.

பெரும்பாலும் புத்தகத் திருவிழா நேரத்தில் சீட்டை எடுப்பவருக்கு அதிர்ஷ்டம். பத்து சதவீதம் கழிவு உண்டு. முன்பெல்லாம் மதுரையிலிருந்து பார்சல் ரயிலில் வரும், கேங்மேன் அண்ணன் பார்த்து இறக்குவார். 2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயில் நின்றது. 2025 ஏப்ரல் 6-ல் புதுப் பாலம் திறக்கும்வரை எல்லாம் பஸ்ஸில்தான்.

எங்கள் கூட்டத்தில் பன்னிரண்டு பேருக்கு மேல் சேர்ப்பதில்லை. அது ஏன், இது ஒரு மாதிரி ஜாதிக்கட்டு இல்லையா என்று சிலர் முகத்துக்கு நேராகவே கேட்டிருக்கிறார்கள். கேட்கவேண்டிய கேள்விதான். லண்டனில் 1812-ல் தொடங்கிய ராக்ஸ்பர்க் கிளப்பின் கதையைப் படித்தால் எனக்கே கொஞ்சம் கசக்கிறது. ராக்ஸ்பர்க் பிரபுவின் நூலகம் ஏலம் போனது. 1471-ல் அச்சான, இத்தாலிய எழுத்தாளர் பொக்காச்சியோவின் கதைப் புத்தகப் பிரதி ஒன்று 2,260 பவுண்டுக்குப் போன அந்த ஜூன் 17-ஆம் தேதி ராத்திரி விருந்தில்தான் அந்த கிளப்பே பிறந்தது. உறுப்பினர் நாற்பது பேருக்கு மேல் கிடையாது, அதில் பலர் பிரபுக்கள். அதே 1812-ல் சென்னையில் மெட்ராஸ் லிட்டரரி சொசைட்டியும் தொடங்கியது. அது வெள்ளைக்காரத் துரைமார்களுடையது.

நம் பக்கத்தில் கதை வேறு மாதிரி போயிருக்கிறது. பாலவனத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் ஒரு சமயம் மதுரையில் பேச வந்த இடத்தில் கம்பராமாயணமும் திருக்குறளும் கேட்டாராம், ஒரு பிரதிகூடக் கிடைக்கவில்லையாம். அந்த ஆற்றாமையில்தான் 1901-ல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தைத் தொடங்கினார் என்று சொல்வார்கள். ராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி துணை நின்றார். தேவர் நினைத்திருந்தால் தன் வீட்டு ஏடுகளைச் சிநேகிதர்களோடு பூட்டி வைத்துக்கொண்டிருக்கலாம். சங்கம் வைத்தார், நூலகம் வைத்தார், செந்தமிழ் இதழ் நடத்தினார்.

அதனால் நான் தம்பிகளிடம் சொன்னது இது: ஊருக்குப் புத்தகம் வேண்டுமென்றால் அதற்கு மன்றம் வழி இல்லை. அதற்குக் கிளை நூலகம் இருக்கிறது. நூலக அறிஞர், சீர்காழிக்காரர் ரங்கநாதன் முயற்சியில் 1948-ல் சென்னை மாகாணத்தில் சட்டம் வந்து, நாம் கட்டும் வீட்டு வரியிலேயே நூலக வரியும் சேர்ந்து போகிறது. அங்கே போய் உறுப்பினராகுங்கள், வேண்டிய புத்தகத்தைக் கேட்டு எழுதிக் கொடுங்கள். மன்றம் என்பது ஒருவர் வீட்டு அலமாரியை இன்னொருவர் நம்பித் திறப்பது. அது பன்னிரண்டு பேருக்குள்தான் நடக்கும். முப்பது பேர் ஆனால் பூட்டு வேண்டும்.

ராக்ஸ்பர்க்காரர்களிடம் ஒரு வழக்கம் மட்டும் எடுத்துக்கொண்டோம். அங்கே உறுப்பினர் ஒவ்வொருவரும் மற்றவர்களுக்காக ஒரு புத்தகம் அச்சிட்டுத் தர வேண்டும். எங்களுக்கு அவ்வளவு வசதி ஏது? வருஷத்துக்கு ஒருவர், நாற்பது பிரதி, ஜெராக்ஸ் கடையில். டிரைவர் அண்ணன் தன் அப்பாவும் சித்தப்பாவும் கரைவலை இழுக்கும்போது பாடிய அம்பாப் பாட்டுகளை எழுதிக் கொடுத்தார். பதினாறு பக்கம். எழுதச் சொன்னால் வரவில்லை. கயிற்றைக் கையில் கொடுத்து இழுக்கச் சொன்னோம், வரிசையாக வந்தது.

இனி வீட்டில் வைக்கும் முறை. இது முழுக்கப் பட்டுத் தெரிந்துகொண்டது.

கடலோர வீட்டில் மூடின இரும்பு பீரோவில் புத்தகம் வைக்காதீர்கள். திறந்த மரத்தட்டு, முதுகுப் பக்கம் பலகை இல்லாமல், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி. காலுக்கு அடியில் டப்பா மூடி வைத்து, கழிவு இன்ஜின் ஆயில் கொஞ்சம். நெருக்கி அடுக்காதீர்கள், ஒரு விரல் நுழைய வேண்டும். வசம்பைத் தட்டித் துணியில் முடிந்து தட்டுக்கு ஒன்று. அந்துருண்டையைவிட வாசனையும் தேவலை. எங்கள் அனுபவத்தில் ராமபாணப் பூச்சி அதற்குக் கொஞ்சம் ஒதுங்குகிறது. ஆனால் வசம்பு வைத்துவிட்டோம் என்று எட்டிப் பார்க்காமல் இருந்தால் பிரயோஜனம் இல்லை. பூச்சியை நிஜமாக விரட்டுவது நம் கைதான்.

இதழ்களை வாங்கின உடனே பின்னைக் கழற்றிவிடுங்கள். நடுப்பக்கத்தில் மடங்கியிருக்கும் அதன் கால்களைக் கத்தி முனையால் நிமிர்த்தி வெளியே இழுத்து, அதே துளைகளில் பருத்தி நூல் விட்டுத் தைத்து முடிச்சு உள்பக்கம் வரட்டும். நூலை முதலில் மெழுகுவர்த்தியில் ஒரு இழுப்பு இழுத்துக்கொண்டால் ஈரம் ஏறாது. வலை பின்னும் நைலான் நூல் கையருகே இருக்கிறதே என்று அதில் தைக்காதீர்கள். அது தாளை அறுத்துவிடும். என் வீட்டுக்காரர் கோணி ஊசியில் தைத்த பத்து இதழ்களைப் பார்த்தால் துளை வழியாகக் கடல் தெரியும்.

இவ்வளவும் ஊருக்கு உபதேசம் பண்ணுகிற நான் 2024-ல் என்ன செய்தேன் தெரியுமா? தட்டில் இடம் இல்லை என்று 63 புத்தகங்களை அட்டைப்பெட்டியில் போட்டுக் கட்டிலுக்கு அடியில், தரையில், வைத்திருந்தேன்.

அந்த வருஷம் நவம்பர் 20, புதன்கிழமை. ராமேஸ்வரம் தீவே மிதந்தது. ராமேஸ்வரத்தில் அன்று ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை. தங்கச்சிமடத்திலும் குறைவில்லை. நான் கம்பெனியிலிருந்து வீடு வந்து சேர்ந்தபோது வீட்டுக்குள் முழங்காலுக்குக் கீழே தண்ணீர். அட்டைப்பெட்டி கரைந்து, புத்தகங்கள் கட்டிலுக்கடியில் இட்லி மாதிரி உப்பியிருந்தன. என் வீட்டுக்காரர் ஒன்றை எடுத்துப் பிரிக்கப் போனார், பக்கம் பாதியாக வந்தது.

வாத்தியாருக்கு போன் போட்டேன். "தொறக்காதீங்க, பிரிக்காதீங்க. அப்படியே கவர்ல போட்டுக் குளிர வைங்க" என்றார். நனைந்த புத்தகத்தில் பூஞ்சணம் பிடிக்க இரண்டு நாள் போதும். 63 புத்தகத்தை இரண்டு நாளில் ஒருவரும் காயவைக்க முடியாது. உறைய வைத்துவிட்டால் நேரம் நிற்கும், பிறகு நிதானமாக நாலு நாலாக எடுத்துக் காயவைக்கலாம். பெரிய நூலகங்களில் இப்படித்தான் செய்கிறார்கள் என்றார். எனக்கு ஆச்சரியம் என்னவென்றால், இருபது வருஷத்துக்கு மேலாக இறாலுக்கு இதே கணக்கைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன், புத்தகத்துக்குத் தோன்றவில்லை.

கரண்ட் இல்லை. டிரைவர் அண்ணன் மீன் வைக்கும் தெர்மாகோல் பெட்டி மூன்றும், நொறுக்கின ஐஸும் கொண்டுவந்தார். ஒவ்வொரு புத்தகத்தையும் பிளாஸ்டிக் கவரில் இறுக்கிச் சுற்றி, முதுகு கீழே வரும்படி, ஐஸுக்கு நடுவில் நிறுத்தினோம். சேற்றைத் துடைக்கவில்லை, ஈரத்தில் துடைத்தால் தாளுக்குள் போய்விடும். மறுநாள் சாயங்காலம் கரண்ட் வந்தது. மழைக்கு மூடிக்கிடந்த ஒரு ஐஸ்கிரீம் கடையில் இரண்டு டீப் ஃப்ரீசர் காலியாக இருந்தது. கடைக்காரர் போஸ்ட்மேனுக்குத் தம்பி முறை. சுற்றுலா ஆட்கள் வரத் தொடங்கும்வரை இடம் கொடுத்தார். அதற்குப் பிறகு மிச்சத்தை நாலு வீட்டு ஃப்ரிட்ஜின் மேல்தட்டில் பிரித்து வைத்தோம். யார் வீட்டுக்குப் போனாலும் ஐஸ் கட்டிக்குப் பக்கத்தில் ஒரு நாவல்.

காயவைப்பது இப்படி: நாலு புத்தகத்தை வெளியே எடுத்து, லேசாக இளகியதும், இருபது முப்பது பக்கத்துக்கு ஒரு தரம் அச்சில்லாத வெள்ளைத் தாள் செருகி, நிற்க வைத்து, மின்விசிறியைப் பக்கத்தில் சுவரைப் பார்த்து ஓடவிட வேண்டும். தாளை மூன்று மணி நேரத்துக்கு ஒரு தரம் மாற்ற வேண்டும். வெயிலில் வைக்கக் கூடாது, அட்டை அப்பளமாகிவிடும். ஏறக்குறையக் காய்ந்ததும் அம்மிக்குழவியோ தையல் மிஷின் தலையோ மேலே பாரம் வைத்து இரண்டு நாள். மண் அப்போது தூசியாகியிருக்கும், பெயிண்ட் பிரஷ் போதும்.

2025 மார்ச்சில் கடைசி நாலும் காய்ந்தன. 51 புத்தகம் அலை அலையாக, ஆனால் முழுதாக. ஏழு, படிக்கலாம். ஐந்து போயே போயின. அதில் நாலு பளபளப்புத் தாளில் அச்சான படப் புத்தகங்கள். அந்தத் தாள் ஒன்றோடொன்று ஒட்டிச் செங்கல்லாகிவிடும். நனைந்த உடனே பக்கத்துக்குப் பக்கம் பட்டர் பேப்பர் செருகியிருந்தால் தப்பியிருக்கும் என்கிறார்கள். அன்றைக்கு அந்தத் தண்ணீரில் நின்றுகொண்டு யார் செருகுவது?

பட்டியலில் அன்று மொத்தம் 1,840 புத்தகம். நனைந்தது என் கட்டிலுக்கடியில் இருந்தவை மட்டும்தான். கேங்மேன் அண்ணன் வந்து வாசலில் நின்று, தண்ணீர்க் கோடு படிந்த சுவரைப் பார்த்தார். "அந்த அறை எம்புட்டு ஒசரத்துல இருந்துச்சு தங்கச்சி?" என்று மட்டும் கேட்டார். எனக்கு ஞாபகம் இருந்தது. என் வீட்டைவிடத் தாழ்வு.

தம்பிகள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கிளம்பும்போது மூத்தவன் தலையைச் சொறிந்தான். "அறைய வேணாம்னு சொல்லிருவோம். ரேக் கடைக்காரர் அட்வான்ஸத் திருப்பித் தர மாட்டாருக்கா."

"ஆங்கிள் ரேக்தானே? போல்ட்டைக் கழத்தி ஆளுக்கொரு தட்டா பிரிச்சுக்குங்க" என்றேன்.

"அஞ்சு தட்டுதான் இருக்கு. நாங்க பத்துப் பேரு."

போன வாரம் போன் வந்தது. தட்டை இன்னும் பிரிக்கவில்லையாம். லாங் சைஸ் நோட்டு வாங்கிக் கட்டம் போட்டாயிற்று. 'போகும்போது நிலை' என்ற கட்டம் ஒருவரை ஒருவர் சந்தேகப்படுவதுபோல இருக்கிறது, அதை எடுத்துவிடலாம் என்று ஐந்து பேர் சொல்கிறார்களாம், ஐந்து பேர் இருக்கட்டும் என்கிறார்களாம்.

"நீங்க என்னக்கா சொல்றீங்க?" என்றான்.

எங்கள் நோட்டில் செதில் எழுதின பக்கத்தை போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறேன்.